மகாநதிக் கரையில் ஒரு மேளா

பிலாஸ்பூரில் குடியிருக்கும் நம்மவர்கள் விடுமுறை கிடைத்தால் தெற்கு நோக்கியே வண்டி ஏறுகிறோம். இருக்கிற லீவும் பாஸும் சொந்த ஊருக்குப் போய் வருவதற்கே சரியாகிவிடுகின்றன. ஆகவே நமக்குச் சோறிடும் இந்தச் சத்தீஸ்கர் நாட்டை ரயில் ஜன்னலுக்கு அப்பால் இறங்கிக் கண்டவர்கள் நம்முள் மிகச் சிலரே. நாங்களும் சென்ற மார்கழி வரையில் அந்தப் பெரும்பான்மையைச் சேர்ந்தவர்களாகவே இருந்தோம். மகாநதிக் கரையில் ராம்நாமி மக்கள் கூட்டும் பஜனை மேளாவுக்குப் போய் வந்த வரலாற்றைச் சங்கத்து அன்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம். ஊர் பார்க்கும் ஆசையினால் நாங்கள் புறப்படவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் ஓராண்டாகத் தீராதிருந்த ஒரு வழக்கே எங்களை அங்கே இழுத்துச் சென்றது.

நாங்கள் இருவர். ஒருவர் பார்சல் ஆபீஸில் குமாஸ்தா. மற்றவர் இல்லத்தைக் காப்பவர். எங்கள் மகளுக்கு வயது ஏழு. அவள் பெயரை முன்கையில் பச்சை குத்திக்கொள்ள வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் ஓர் ஆசை பிறந்தது. கடைத்தெருவில் இயந்திரத்தால் பச்சை குத்தும் இளைஞர் ஒருவரிடம் போய் விசாரித்தோம். அங்குலக் கணக்கில் கூலி சொன்னார். ஊசி புதிதா, மை வைக்கும் கிண்ணம் ஆளுக்கு ஒன்றா என்று கேட்டோம். உறை பிரியாத ஊசியை எடுத்துக் காட்டினார். பழைய ஊசியினால் மஞ்சட்காமாலைக் கிருமி முதலியன ஒருவர் குருதியிலிருந்து மற்றொருவர் குருதிக்குச் செல்லக்கூடும் ஆதலால், இக்கேள்வியைக் கேட்க எவரும் கூச்சப்படலாகாது. மற்றொரு செய்தியும் தெரிந்தது. பச்சை குத்திக்கொண்டவர் அதன்பின் ஓராண்டு வரை குருதிக்கொடை அளிக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. எங்களில் ஒருவர் தவறாது குருதி அளிப்பவர். எனவே அடுத்த முகாமில் குருதி கொடுத்துவிட்டுப் பிறகு குத்திக்கொள்வது என்று முடிவு செய்தோம். எந்த எழுத்தில் எழுதுவது என்ற கேள்வி வந்தபோது, இந்தியோ ஆங்கிலமோ ஆனால் அழகாக வரும் என்றும், தமிழ் தமக்குத் தெரியாது என்றும் இளைஞர் சொன்னார். ஆங்கிலத்துக்குச் சம்மதித்து வந்தோம்.

இவ்வளவு திட்டமும் வீட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டது. எங்கள் அன்னையார், “வேண்டாம்” என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். காரணம் சொல்லவில்லை. அது எங்களுக்குத் தெரிந்ததுதான்.

தந்தையார் திருவண்ணாமலைப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். மணமான ஆண்டாகிய 1987இல், கார்த்திகை தீபத்துக்கு வந்த கூட்டத்தின் நடுவே, அன்னையாரின் பெயரைத் தம் வலது முன்கையில் பச்சை குத்திக்கொண்டார். நான்கே எழுத்து. மறு ஆண்டு ரயில்வேயில் காங்மேனாகச் சேர்ந்து பிலாஸ்பூருக்கு வந்தார். சேரும்போது சர்வீஸ் புத்தகத்தில் அங்க அடையாளம் எழுதுவார்கள் அல்லவா? அந்த இடத்தில், வலது முன்கையில் தமிழில் ஒரு பெயர் என்று எழுதினார்கள்.

2009ஆம் ஆண்டு மே மாதம் அவர் ஊருக்குப் போய்த் தனியே திரும்பிக்கொண்டிருந்தார். விதர்ப்பத்தில் ஒரு சிறு நிலையத்தில் நெஞ்சை அடைக்கிறது என்று வண்டியைவிட்டு இறங்கியவர், மேடையில் இருந்த பெஞ்சில் அமர்ந்தபடியே உயிர் நீத்தார். பையும் பாஸும் வண்டியோடு போய்விட்டன. அவர் யார் என்று அறிய அங்கிருந்தவர்களுக்குக் கையில் இருந்த நான்கு எழுத்துக்களைத் தவிர வேறொன்றும் இல்லை. அதைப் படிக்கத் தெரிந்தவரும் இல்லை. தென்னாட்டு எழுத்துப் போலிருக்கிறது என்று மட்டும் ஒருவர் சொன்னாராம். சில மணி நேரம் கழித்து அவ்வழியே வந்து நின்ற சரக்கு வண்டியின் கார்டு தமிழர். அவர் கீழிறங்கி வந்து அந்தப் பெயரைப் படித்தார். ரயில்வே உடை அணிந்த தமிழர் எவரேனும் காணவில்லையா என்று ஊர் ஊராகப் போன் போயிற்று. அன்று மாலை நம் சங்கத்தைச் சேர்ந்த பெரியவர்கள் இருவர் எங்கள் குடியிருப்புக்கு வந்தார்கள். அவர்கள் வேறெதுவும் கேட்கவில்லை. “அம்மா, உங்கள் பெயர் என்ன?” என்று மட்டும் கேட்டார்கள். இருபது ஆண்டுகளாகப் பழகியவர்கள் பெயரைக் கேட்கிறார்களே என்று நினைத்த கணத்திலேயே அன்னையார் எல்லாவற்றையும் அறிந்துகொண்டார்.

கருணை அடிப்படையில் வேலை கிடைத்தது. மெட்ரிகுலேஷன் படிப்போடு கடைநிலையில் சேர்ந்து, பின்னர்த் துறைத் தேர்வு எழுதிக் குமாஸ்தாவானோம். குடும்பம் நிலைத்தது. ஆனால் அன்னையாருக்குப் பச்சை என்றால் பிணத்தை அடையாளம் காட்டுவது என்றே பொருளாகிவிட்டது. அவருடைய இரு முன்கைகளிலும் பத்து வயதில் குறத்தி குத்திய கோலம் உண்டு. அன்று முதல் முழங்கை தாண்டிய ரவிக்கைதான். சங்கத்தின் பொங்கல் விழாவில்கூட முந்தானையைக் கையைச் சுற்றி இழுத்துக்கொள்வார்.

இந்நிலையில், ஆபீஸில் உடன் பணியாற்றும் ஜாஞ்ச்கீர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் தம் பாட்டியாரின் ஊர்க்காரர்கள் நடத்தும் பஜனை மேளாவுக்கு எங்களை அழைத்தார். பௌஷ மாதத்து வளர்பிறை ஏகாதசியில் தொடங்கி மூன்று நாள் நடப்பது அது. நம் வைகுண்ட ஏகாதசி பெரும்பாலும் அதே நாளில் வரும். ராம பஜனை என்றதும் அன்னையார் உடனே இசைந்தார். ஆனால் அங்கே வருகிறவர்களுக்கு உடம்பெல்லாம் பச்சை இருக்கும் என்பதை நாங்கள் அவரிடம் சொல்லவில்லை. அது நேர்மையான செயலன்று. சொன்னால் வரமாட்டார் என்று பயந்தோம்.

காலை வண்டியில் கிழக்கே புறப்பட்டோம். அகல்தரா, நைலா கழிந்து ஹஸ்தேவ் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் சாம்பா. கோர்பாவிலிருந்து நிலக்கரி ஏற்றி வரும் வேகன்கள் பெருவழியோடு சேரும் இடம் அது. சாம்பா கோசாப் பட்டுக்குப் பெயர்பெற்ற ஊரும்கூட. அங்கிருந்து ஒரு ஜீப்பில் தெற்கே போனோம். இருபுறமும் அறுவடை முடிந்த வயல். ஊருக்கு ஊர் தாமரைக் குளம். களத்து மேட்டில் வைக்கோற்போர். சத்தீஸ்கரை நெற்கிண்ணம் என்று இவர்கள் அழைப்பதன் பொருளை ரயிலில் போகிறவர் அறியமாட்டார். “நம்ம ஊர் மாதிரியே இருக்கிறது” என்று அன்னையார் இரண்டு முறை சொன்னார்.

மேளா நடந்த சிற்றூர் மகாநதிக்கு வடக்கே உள்ளது. ஓராண்டு ஆற்றுக்கு வடபுறத்திலும் மறு ஆண்டு தென்புறத்திலுமாக இடம் மாறி நடப்பது வழக்கம். திடலின் நடுவே வெண்மையான ஒரு தூண்; அதன் மேலெல்லாம் நாகரி எழுத்தில் ராம நாமம். அதைச் சுற்றி வைக்கோல் பரப்பி மக்கள் அமர்ந்திருந்தார்கள். ராம நாமம் கறுப்பாக எழுதிய வெள்ளைப் போர்வை. தலையில் மயிற்பீலி முடி. கையில் சலங்கைக் கொத்து. துளசிதாசரின் இராமாயண அடிகளின் இடையிடையே ராம நாமத்தைத் தொடுத்துப் பாடுகிறார்கள். சலங்கை ஒலியே அவர்களுக்குத் தாளம். அங்கே கோயிலும் இல்லை, சிலையும் இல்லை.

முன்வரிசையில் இருந்த முதியவர்களின் முகத்தைக் கண்டதும் அன்னையார் நின்றுவிட்டார். நெற்றி, கன்னம், இமை, கை, கால் எங்கும் அதே இரண்டு எழுத்துக்கள் வரிவரியாகப் பச்சை குத்தப்பட்டிருந்தன. மூப்பினால் தோல் சுருங்கிய இடங்களில் எழுத்துக்களும் சுருங்கி ஒன்றோடொன்று கலந்திருந்தன. அன்னையார் முந்தானையை இழுத்துக்கொண்டு எங்களை ஒரு பார்வை பார்த்தார். நாங்கள் தலை குனிந்தோம்.

இம்மக்களின் வரலாற்றை நண்பர் எடுத்துச் சொன்னார். 1890களில் சாரபாரா என்னும் ஊரில் வாழ்ந்த பரசுராம் என்பவர் இந்த நெறியைத் தொடங்கினார். அவர் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்தவர். கோயிலுக்குள் நுழைய அவருடைய மக்களுக்கு உரிமை இல்லை. கோயிலுக்குள் விடாவிட்டால் என்ன, நாமத்தை உடம்பிலேயே எழுதிக்கொள்வோம் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். உடம்பில் எழுதியதை எவர் பறிக்க முடியும்? நாமத்தை எழுதவும் சொல்லவும் இவர்களுக்கு உரிமை இல்லை என்று சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலர் வழக்காடியதாகவும், தீர்ப்பு தங்கள் பக்கமே வந்ததாகவும் இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள். இவர்கள் சொல்லும் ராமன் அயோத்தி மன்னன் மட்டும் அல்லன். உருவமற்று எங்கும் நிறைந்தவன். கள்ளும் புலாலும் இவர்களுக்கு விலக்கு. உடல் முழுதும் எழுதிக்கொண்டவரை நகசிகர் என்கிறார்கள்; நகம் முதல் சிகை வரை என்பது பொருள். அத்தகையோர் இப்போது மிகவும் குறைந்துவிட்டனர். இளைஞர்கள் வேலை தேடி நகரங்களுக்குப் போகிறார்கள். முகத்தில் பச்சையோடு போனால் ஏளனம் செய்கிறார்கள். படைக்கும் காவலுக்கும் ஆள் எடுக்கும் இடங்களில் அது தடையாகவும் ஆகிறது. ஆகவே பலர் மார்பிலோ கையிலோ ஒரு முறை எழுதிக்கொள்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதுவும் இல்லாதவர் பலர்.

நண்பரின் பாட்டியார் எங்களைத் தம் கூடாரத்துக்கு அழைத்துப் போனார். எண்பது வயது இருக்கலாம். நெற்றி முழுவதும், இரு கைகள் முழுவதும் நாமம். அன்னையார் முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாக இந்நாட்டில் வாழ்பவர். சத்தீஸ்கரிப் பேச்சு நன்றாக வரும். சோறும் பருப்பும் உண்டபின் இருவரும் பேசத் தொடங்கினார்கள். பாட்டியார் பேச்சினிடையே அன்னையாரின் கையைப் பிடித்தார். முந்தானை விலகியது. கோலத்தைக் கண்ட பாட்டியார் மிகவும் மகிழ்ந்து, “உனக்கும் கோத்னா இருக்கிறதே! யார் குத்தியது?” என்று கேட்டார்.

அன்னையார் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஊருக்கு வந்த குறத்தி குத்தியது. மஞ்சளையும் அகத்திக் கீரையையும் அரைத்துத் துணியில் தடவித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கில் எரித்து, மேலே கவிழ்த்த புதுச் சட்டியில் படியும் கரியை எடுத்து, தாய்ப்பாலில் குழைத்துக் குத்தினாள். வலி தெரியாமலிருக்கப் பாட்டுப் பாடினாள். கூலியாக நெல் வாங்கிப் போனாள். பாட்டியார் சிரித்தார். இங்கும் ஊர்ப் பெண்களுக்குக் குத்துவது தேவார் குலத்துப் பெண்களின் தொழில், அவர்களும் பாடுவார்களாம். ஆனால் ராம நாமத்தை மட்டும் தங்களுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வார்களாம். மண்ணெண்ணெய் விளக்கின் கரியே மை. நெற்றிக்கு எழுதிய இரவில் கண் வீங்கிக் காய்ச்சல் வந்ததையும், தம் கணவர் ஈரத்துணி வைத்துக்கொண்டு விடியும் வரை அருகே இருந்ததையும் பாட்டியார் நேற்று நடந்தது போலச் சொன்னார்.

மை கறுப்பாக இருக்க, பச்சை என்று ஏன் சொல்கிறோம் என்று எங்கள் மகள் கேட்டாள். கரி மேல் தோலுக்கு அடியில் உள்ள தோலில் தங்குகிறது. மேல் தோல் நாள்தோறும் உதிர்ந்து புதிதாகிறது. அடித்தோல் அவ்வாறு உதிர்வதில்லை. ஆதலால் குறி ஆயுள் முழுதும் நிற்கிறது. தோலின் ஊடே பார்க்கும்போது அக்கறுப்பு நீலமும் பச்சையும் கலந்த நிறமாகக் கண்ணுக்குத் தெரிகிறது. எங்களுக்குத் தெரிந்த அளவில் இவ்வாறு விளக்கினோம்.

நண்பரின் தங்கை அருகில் இருந்தாள், கல்லூரியில் படிப்பவள், உடம்பில் ஒரு எழுத்தும் இல்லை. அதில் உங்களுக்கு வருத்தம் உண்டா என்று பாட்டியாரைக் கேட்டோம். “எனக்கு மறக்கக் கூடாது என்று நான் எழுதிக்கொண்டேன். பிறர் பார்க்கவா எழுதினேன்? அவளுக்கு மறக்காமலிருந்தால் சரி” என்றார். பிறகு அன்னையாரின் கையைத் தடவியபடியே, “சேலை கிழியும். நகையைப் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். போகும்போது கூட வருவது இது ஒன்றுதான்” என்றார். இது ராம்நாமிகள் மட்டும் கொண்ட எண்ணம் அன்று. கவர்தா, திண்டோரிப் பக்கத்து மலைகளில் வாழும் பைகா குலப் பெண்களும் இவ்வாறே சொல்வார்கள். நம் நாட்டுக் கிழவிகளும் சொல்லக் கேட்டிருக்கிறோம். கேட்டுப் பழகிய சொல் ஆனபடியால் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஆனால் அன்னையார் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பின்பு, “என் வீட்டுக்காரர் கையில் என் பெயர் இருந்தது” என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. பாட்டியாரும் ஒன்றும் கேட்கவில்லை. வெளியே சலங்கை ஒலித்துக்கொண்டிருந்தது. இரண்டு முதிய பெண்களும் கைகளை மடியில் வைத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்றிரவு சாம்பா நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்தோம். பனி கொட்டியது. மகள் பாட்டி மடியில் தூங்கிவிட்டாள். எங்களை ஏமாற்றி அழைத்து வந்ததற்காக மன்னிக்க வேண்டும் என்று கேட்டோம். அன்னையார் அதற்கு மறுமொழி கூறவில்லை. எதிரே இருந்த வெறும் பெஞ்சைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“அந்தப் பெஞ்சில் அவர் ஒரு ஆளும் இல்லாமல் கிடந்தாரே என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அவர் கையிலேயே இருந்திருக்கிறேன். இது எனக்குத் தோன்றவில்லை பார்.”

வண்டி வந்தது. ஏறி அமர்ந்து நைலா தாண்டிய பிறகு மீண்டும் பேசினார். “நீங்கள் குத்திக்கொள்ளுங்கள். ஆனால் இங்கிலீஷில் வேண்டாம். தமிழில் எழுதுங்கள். படிக்கத் தெரிந்தவன் எங்கேயாவது ஒருவன் வந்து சேருவான்.”

மாசி மாதத்தில் நடந்த முகாமில் எங்களில் ஒருவர் குருதி கொடுத்து முடித்தபின், பங்குனியில் இருவரும் குத்திக்கொண்டோம். கடைக்கார இளைஞருக்குத் தமிழ் தெரியாதே என்ற கவலைக்கு மகளே தீர்வு கண்டாள். சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் கற்றுக்கொண்டபடி தன் பெயரை ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தாள். அதையே அவர் தோலில் பதித்து ஊசி ஓட்டினார். புள்ளி விட்டுப்போகாமல் அன்னையார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டார். எறும்புக் கூட்டம் கடித்தாற்போல் அரை மணி நேரம் வலி. பிறகு பதினைந்து நாள் தோல் உரிந்தது. அரிப்பு எடுத்தாலும் சொறியக் கூடாது. வெயிலும் குளத்து நீரும் கூடா. இப்போது ஆறிவிட்டது.

ஆபீஸில் பார்சல் கொண்டு வருகிறவர்கள், இது என்ன பாஷை என்று கேட்கிறார்கள். தமிழ் என்று சொல்லுகிறோம். மகளுக்கு மட்டும் ஒரு குறை. தான் எழுதியதில் ஒரு எழுத்தின் சுழி பெரிதாகப் போய்விட்டது என்றும், இப்போது இன்னும் அழகாக எழுதத் தெரியும் என்றும், அதை அழித்து மீண்டும் எழுத முடியுமா என்றும் கேட்கிறாள். முடியாது என்றோம். அப்படியானால் முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று கோபித்துக்கொண்டாள். அவள் கோபம் நியாயமானதே. பச்சை குத்திக்கொள்ள நினைக்கும் அன்பர்கள் இதையும் எண்ணிப் பார்த்துக்கொள்வது நன்று.

சித்திரையில் நம் சங்கத்தின் புத்தாண்டு விழாவுக்கு வந்த சிலர், அன்னையார் அரைக்கை ரவிக்கையுடன் பந்தியில் பரிமாறியதைக் கவனித்திருக்கலாம். அக்கோலத்தைப் பார்த்து, யார் குத்தியது என்று கேட்ட இரண்டொரு பெண்மணிகளுக்கு எங்கள் நன்றி உரியது. அடுத்த மேளா ஆற்றின் தென்கரையில் நடக்கும். நண்பரின் பாட்டியார் இருந்தால் வந்து பார்ப்பதாக அன்னையார் சொல்லி வந்திருக்கிறார். உடன் வர விரும்பும் குடும்பங்கள் கார்த்திகைக்குள் தெரிவித்தால், சாம்பாவிலிருந்து போக ஜீப்புக்குச் சேர்த்தே ஏற்பாடு செய்துவிடலாம்.